பிறந்த குழந்தைக்கு வரும் மஞ்சள் காமாலை: தாராவியிலிருந்து ஓர் எளிய விளக்கம்

தாராவியில் 90 அடி சாலையிலிருந்து பிரியும் எங்கள் சந்தில் பகல் பதினொரு மணிக்கும் ட்யூப்லைட் எரியும். மாடிக்கு மேல் மாடி எழும்பி, வானம் ஒரு முழ அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. போன கார்த்திகையில் என் நாத்தனார் மகள் பிரசவம் முடிந்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள். குழந்தையை என் மடியில் வைத்து, "அத்தை, இவன் மஞ்சளாக இருக்கிறானா, இல்லை எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா?" என்று கேட்டாள்.

அந்த அறையில் வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது. சுவரில் அடித்திருந்தது மஞ்சள் வண்ணம். காலையில் ஆச்சி குழந்தையைக் காலில் போட்டு, உடம்பெல்லாம் மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டியிருந்தார். குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு சந்து முனைக்குப் போனேன். அங்கே கொஞ்சம் நல்ல வெளிச்சம் விழும். மூக்கு நுனியை விரலால் மெல்ல அழுத்தி எடுத்தேன். அழுத்திய இடத்தில் ரத்தம் விலகி ஒரு கணம் வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லை, எலுமிச்சைப் பழத்தோல் போல மஞ்சளாகத் தெரிந்தது. நெஞ்சில் அழுத்தினேன், அங்கும் மஞ்சள். வயிற்றில் இல்லை. ஈறைப் பார்த்தேன், லேசாக இருந்தது.

இப்படிப் பார்க்க வேண்டும் என்று பதினாறு ஆண்டுகளுக்கு முன்பு எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் மூத்தவள் பிறந்த ஆஸ்பத்திரியில், வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு நர்ஸ், "பாளாலா தோடி காவீள் ஆஹே" என்று போகிற போக்கில் சொன்னார். குழந்தைக்குக் கொஞ்சம் காமாலை இருக்கிறது என்று பொருள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. வீட்டில் காமாலை என்ற சொல்லைக் கேட்டதும் பத்தியம் தொடங்கிவிட்டது, எனக்கு. எண்ணெய் கூடாது, பருப்பு கூடாது, மஞ்சள் சேர்த்த குழம்பு கூடாது. மோரும் சோறும்தான். பெற்ற உடம்புக்கு அது போதவில்லை. பசியிலும் பயத்திலும் நான் தளர்ந்தேன். குழந்தைக்கு என் பாலே ஆகாது என்று ஒருவர் சொல்ல, இரண்டு வேளை பாலை நிறுத்திவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம். குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தாள். சமர்த்து என்று நினைத்தோம். ஐந்தாம் நாள் காலில்கூட மஞ்சள் இறங்கியிருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டு இரவுகள் அவளை நீல விளக்கின் கீழ் வைத்தார்கள்.

அவள் நன்றாக இருக்கிறாள்; பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். ஆனால் அன்று நாங்கள் செய்தவை அனைத்தும் பெரியவர்களுக்கு வரும் காமாலைக்கான வைத்தியம். குழந்தைக்கு இருந்தது வேறொன்று. தமிழில் மஞ்சள் காமாலை, மராத்தியில் காவீள், இந்தியில் பீலியா என்று எந்த மொழியில் சொன்னாலும் இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதில்தான் தாய்மார்கள் இடறுகிறோம்.

மழைக்காலத்தில் குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்து பெரியவர்களுக்கு வருகிறதே, அது பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ அல்லது இ வைரஸ் கல்லீரலைத் தாக்குவதால் வருவது. அது நோய்; ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும். பிறந்த குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு வரும் மஞ்சளில் கிருமி இல்லை. யாருக்கும் தொற்றாது. தாய் தின்ற கத்திரிக்காயாலோ, குழம்பில் போட்ட மஞ்சளாலோ வருவதில்லை. சாப்பாட்டு மஞ்சளுக்கும் உடம்பு மஞ்சளுக்கும் நிறத்தைத் தவிர வேறு உறவு கிடையாது.

அப்படியானால் அந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது? நம் ரத்தத்தின் சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் உழைத்துவிட்டு உடைந்துபோகும். உடைந்த சிவப்பணுவில் மிஞ்சும் மஞ்சள் கழிவுக்குப் பிலிரூபின் என்று பெயர். கல்லீரல் அதை நீரில் கரையும்படி மாற்றிப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்பும். மலத்தோடு வெளியே போய்விடும். நமக்கு நாள்தோறும் இது நடக்கிறது. குழந்தைக்கு மூன்று தொல்லைகள் ஒரே நேரத்தில் சேர்ந்துகொள்கின்றன. வயிற்றுக்குள் இருந்தபோது ஆக்சிஜன் குறைவு என்பதால் அதன் ரத்தம் அடர்த்தியாக இருக்கும். நம் பெண்களில் பலருக்கு ஹீமோகுளோபின் 12 எட்டுவதே பெரும்பாடு. பிறந்த குழந்தைக்கு 16, 17 என்பது வழக்கம். அந்தச் சிவப்பணுக்களின் ஆயுளும் குறைவு, சுமார் 70 முதல் 90 நாள்தான். ஆக, உடைவது அதிகம், கழிவும் அதிகம். இரண்டாவது, இதுவரை அந்தக் கழிவை நஞ்சுக்கொடி வழியாக வாங்கி அகற்றியது தாயின் கல்லீரல். தொப்புள்கொடியை வெட்டியதும் அந்த வேலை குழந்தையின் கல்லீரல் தலையில் விழுகிறது. தோல் பட்டறையில் முதல் நாள் வேலைக்கு வந்த பையன் முன்னால் ஒரு லாரிச் சரக்கை இறக்கிவைத்தது போலத்தான். பையனிடம் குறையில்லை, கை பழக வேண்டும். அதற்குச் சில நாள்கள் ஆகும். மூன்றாவது குடல். தார் போன்ற முதல் கறுப்பு மலத்தில் பிலிரூபின் நிறைய இருக்கிறது. பால் போதாமல் அந்த மலம் உள்ளேயே தங்கினால், குடல் அதை மறுபடி ரத்தத்துக்குள் இழுத்துக்கொள்ளும்.

என் மகளுக்கு என்ன நடந்தது என்பது எனக்கு இங்கேதான் விளங்கியது. நாங்கள் நிறுத்திய பால்தான் மருந்து. சீம்பால் குடலை இளக்கி அந்தக் கறுப்பு மலத்தை வெளியேற்றும். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் கொடுக்க வேண்டும்; தூங்கினால் காலைத் தடவி எழுப்பியாவது கொடுக்க வேண்டும். சர்க்கரைத் தண்ணீரும் வெறும் தண்ணீரும் வயிற்றை நிரப்புமே தவிர பிலிரூபினை வெளியேற்றாது. கீழாநெல்லிச் சாற்றைக் குழந்தை வாயில் விடுவது, மூக்கில் சாறு விடுவது, சூடு போடுவது எதுவும் வேண்டவே வேண்டாம். மந்திரித்துக் கயிறு கட்டினால் மனதுக்கு ஆறுதல் என்றால் கட்டிக்கொள்ளுங்கள். அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போவதை ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ஆச்சியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பெரியவர்களின் காமாலையைத்தான் அவர் வாழ்நாளெல்லாம் பார்த்திருக்கிறார். கண்டதை வைத்துச் செய்தார். சொல்லித்தர வேண்டியவர்கள் சொல்லித்தரவில்லை.

நிறைமாதத்தில் பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஆறு பேருக்கும், குறைமாதத்தில் பிறக்கும் பத்தில் எட்டுப் பேருக்கும் முதல் வாரத்தில் இந்த மஞ்சள் கண்ணுக்குத் தெரியும். இரண்டாம் மூன்றாம் நாளில் தொடங்கி, மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். குறைமாதக் குழந்தைக்கு இன்னும் ஒரு வாரம் பிடிக்கலாம்.

இங்கே ஒரு சிக்கலைக் கவனியுங்கள். சுகப்பிரசவம் என்றால் இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மஞ்சள் உச்சத்துக்குப் போவது அதற்குப் பிறகு. அப்போது குழந்தை டாக்டர் கண்ணெதிரில் இருக்காது. எங்கள் சந்தில், ட்யூப்லைட் வெளிச்சத்தில் இருக்கும். பார்க்க வேண்டிய கண் தாயுடையது. அதனால்தான் வீட்டுக்கே வந்து பச்சிளம் குழந்தையைப் பார்க்கும் அரசுத் திட்டத்தில் ஆஷா பணியாளர் வரவேண்டிய நாள்கள் 3, 7, 14, 21, 28, 42 என்று வகுத்திருக்கிறார்கள். அவர் வந்தால் "குழந்தை நன்றாக இருக்கிறது" என்று வாசலோடு அனுப்பிவிடாமல், துணியை விலக்கிக் காட்டுங்கள்.

மஞ்சள் முகத்தில் தொடங்கி, நெஞ்சு, வயிறு, தொடை, கடைசியில் உள்ளங்கை, உள்ளங்கால் என்று கீழே இறங்கும். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் அருகில் அல்லது வாசலில், தோலை அழுத்திப் பாருங்கள். நம் குழந்தைகள் மாநிறமாகவும் கறுப்பாகவும் இருப்பதால் தோலை மட்டும் நம்ப முடியாது. ஈறையும் கண்ணின் வெள்ளையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு வாரம் மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டுவதை நிறுத்தி வைக்கும்படி வீட்டுப் பெரியவர்களிடம் தன்மையாகக் கேளுங்கள். "நிறம் தெரியமாட்டேன் என்கிறது ஆச்சி" என்று நான் சொன்னபோது அவர் மறுக்கவில்லை.

இவ்வளவு பார்த்தாலும் கண் ஏமாறும். டாக்டர்களின் கண்ணும் ஏமாறும். சந்தேகம் என்றால் அளந்துவிடுவதே வழி: நெற்றியிலோ நெஞ்சிலோ வைத்து அளக்கும் கருவி உண்டு, துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் ரத்தப் பரிசோதனை. அந்த எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கூடவே ரத்தம் எடுத்த நேரத்தையும் எழுதுங்கள். நமக்கு 1-க்குக் கீழே இருக்க வேண்டிய பிலிரூபின், குழந்தைக்கு 5 அளவில் முகத்தில் தெரியத் தொடங்கும். எண்ணை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்ல முடியாது. ஐந்தாம் நாளில் நிறைமாதக் குழந்தைக்கு 12 என்றால், பால் கொடுங்கள், மறுபடி பார்க்கலாம் என்பார்கள். பிறந்து இருபது மணி நேரமே ஆன குழந்தைக்கு அதே 12 என்றால் அவசரம். பிறந்து எத்தனை மணி நேரம், எத்தனை வாரத்தில் பிறந்தது என்பதைப் பொறுத்து வரம்பு மாறும். அதற்கென்று வரைபடம் வைத்திருக்கிறார்கள். "பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு 15 இருந்தும் ஒன்றும் செய்யவில்லையே" என்ற ஒப்பீடு உதவாததற்கு இதுதான் காரணம்.

பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது சாதாரணமானது என்று ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் ரத்த வகை பொருந்தாமல் சிவப்பணுக்கள் வேகமாக உடைவதாக இருக்கும். தாய் நெகடிவ், குழந்தை பாசிடிவ் என்றால் ஒன்று. தாய் ஓ வகை, குழந்தை ஏ அல்லது பி என்றால் இன்னொன்று. நெகடிவ் வகைத் தாய்க்குப் பாசிடிவ் குழந்தை பிறந்தால், 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். அடுத்த குழந்தையைக் காப்பது அந்த ஊசிதான். போட்டார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முந்தைய குழந்தையை விளக்கில் வைத்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். வெற்றிடக் கருவி வைத்து இழுத்துத் தலையில் வீக்கம் இருந்தாலும், 37 வாரத்துக்கு முன் பிறந்திருந்தாலும் கூடுதல் கவனம் வேண்டும்.

அதிகம் பேர் அறியாத ஒன்று இருக்கிறது: டிரங்குப் பெட்டி. மூத்த குழந்தையின் துணிகளை அந்துருண்டை, பாச்சா உருண்டை என்று நாம் சொல்லும் நாப்தலீன் உருண்டைகள் போட்டுக் கட்டி வைத்திருப்போம். அடுத்த குழந்தை பிறந்ததும் ஆசையோடு எடுத்துப் போடுவோம். சில குழந்தைகளுக்கு, அதிலும் குறிப்பாக ஆண் குழந்தைகளுக்கு, ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும். அந்த உருண்டையின் வாடை பட்டாலே அவர்களின் சிவப்பணுக்கள் கூட்டமாக உடைந்து, ஒரே நாளில் பிலிரூபின் ஏறிவிடும். வெளியே பார்த்து எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை என்று சொல்ல முடியாது. அதனால் பிள்ளை பெற்ற வீட்டில் அந்த உருண்டையே வேண்டாம். என் நாத்தனார் எடுத்துவைத்திருந்த இரண்டு ஸ்வெட்டர்களில் அந்த வாடை வந்தது. இரண்டையும் தூக்கி அப்பால் வைக்கச் சொன்னேன்.

எதற்கு இவ்வளவு பயம், பத்துக்கு ஆறு பேருக்கு வருவதுதானே என்று கேட்கலாம். அளவு மீறினால் பிலிரூபின் மூளைக்குள் புகுந்துவிடும். அங்கே ஏற்படும் சேதத்தைப் பிறகு சரிசெய்ய முடியாது. காது கேளாமை, கை கால் தன்னிச்சையாக முறுக்கிக்கொள்ளும் நிலை என்று வாழ்நாள் முழுக்கத் தொடரும். வருமுன் தடுக்க முடிந்த ஒன்று என்பதால்தான் எனக்கு ஆறவில்லை. குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலும், கீச்சென்ற குரலில் விடாமல் அழுதாலும், முதுகை வில்லாக வளைத்தாலும், காய்ச்சல் அடித்தாலும், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளானாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், அல்லது டாக்சி பிடியுங்கள். 2011-இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு மருத்துவமனைகளில் பச்சிளம் குழந்தைக்குச் சிகிச்சை இலவசம். பணத்தை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை.

விளக்கு என்றால் நம் பெண்கள் நடுங்குகிறார்கள். "பெட்டியில் வைத்துவிட்டார்கள்" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிடும். (மராத்தியிலும் அது பேட்டிதான், பக்கத்துக் கட்டிலில் இருந்த மராத்திப் பெண்ணும் நானும் அந்த ஒரு சொல்லைச் சொல்லிச் சொல்லி அழுதோம்.) அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று அன்று தெரிந்திருந்தால் அவ்வளவு அழுதிருக்க மாட்டேன். நீல ஒளி தோலுக்குள் போய்ப் பிலிரூபினின் வடிவத்தையே மாற்றுகிறது. மாறிய பிலிரூபின், கல்லீரல் அதை நீரில் கரையும்படி மாற்றித்தரத் தேவையில்லாமலே, பித்தத்திலும் சிறுநீரிலும் கரைந்து வெளியேறிவிடும். அது மின்சாரச் சூடும் இல்லை, எக்ஸ்ரேயும் இல்லை. ஒளி கண்ணைக் கெடுக்காமலிருக்கக் கண்களைக் கட்டுவார்கள். ஒளி எவ்வளவு தோலில் படுகிறதோ அவ்வளவு நல்லது என்பதால் துணி போட மாட்டார்கள். மலம் பச்சையாக, இளக்கமாகப் போகும். அது பிலிரூபின் வெளியேறும் அறிகுறி. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்துப் பால் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். என் மகளின் கண்கட்டு நழுவிக்கொண்டே இருந்தது. அந்த இரண்டு இரவும் விரலால் அதைச் சரிசெய்தபடி நின்றேன். என் கையும் நீலமாகத் தெரிந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. விளக்குக்கும் கட்டுப்படாமல் ஏறினால் ரத்தத்தை மாற்றுவார்கள். அந்த நிலை இப்போது அரிது.

இந்த விளக்கைத் தந்தது ஒரு நர்ஸின் கவனம். இங்கிலாந்தில் எசெக்ஸ் மாவட்டத்தின் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் சிஸ்டர் ஜீன் வார்டு, குறைமாதக் குழந்தைகளை வெயில் நாள்களில் முற்றத்துக்கு எடுத்துப்போவார். 1956-இல் ஒரு குழந்தையை டாக்டர்களிடம் காட்டினார். உடம்பெல்லாம் வெளுத்திருக்க, துணி மூடியிருந்த ஒரு முக்கோணத்தில் மட்டும் மஞ்சள் அப்படியே இருந்தது. அதைத் தொடர்ந்து ஆராய்ந்த ரிச்சர்டு கிரெமரும் கூட்டாளிகளும் 1958-இல் முதல் ஒளிச் சிகிச்சையைப் பற்றி எழுதினார்கள்.

அப்படியானால் வெயிலில் காட்டினால் போதாதா? இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத பெண் இல்லை. வெயிலில் அந்த நீல ஒளி இருப்பது உண்மை. கூடவே தோலைச் சுடும் புற ஊதாக் கதிரும் வெப்பமும் இருக்கின்றன. சுடாமல் காட்டக்கூடிய ஐந்து பத்து நிமிடத்தில் கிடைப்பது போதாது. போதுமான நேரம் வைத்தால் குழந்தை வாடிவிடும், மார்கழியில் என்றால் குளிர்ந்துவிடும். எங்கள் சந்தில் வெயிலே விழுவதில்லை என்பது வேறு. லேசான மஞ்சள் தானாகவே தணிந்திருக்கும். வெயில் தணித்தது என்று பெயராகிவிடும். ஏறும் மஞ்சளுக்கு வெயிலை நம்பி இரண்டு நாள் கழித்துவிட்டு வரும் குழந்தைகள்தான் ஆபத்தில் மாட்டுகின்றன.

பால் ஊறவில்லையே என்று கலங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி, நமக்குப் பக்கத்தில் இருக்கும் சயான் ஆஸ்பத்திரியில்தான் 1989-இல் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் முயற்சியால் தொடங்கியது. குறைமாதக் குழந்தைகளுக்கும் தாய்ப்பால் கிடைக்காத நோயுற்ற குழந்தைகளுக்கும் இன்னொரு தாயின் பால் அங்கே போகிறது. உங்களுக்குப் பால் மிகுந்தால் கொடுக்கவும் செய்யலாம். உங்கள் பால் போதுகிறதா என்று அறிய ஈரத்துணியை எண்ணுங்கள்: ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போக வேண்டும், கறுப்பு மலம் மாறிக் கடுகு மஞ்சளாக வேண்டும்.

நாத்தனார் மகள் வழிப் பேரன் கதைக்கு வருகிறேன். நான்காம் நாள் ரத்தம் எடுத்தபோது 13. விளக்கு வேண்டாம், பால் கொடுத்துவிட்டு இரண்டு நாளில் வாருங்கள் என்றார்கள். ஆறாம் நாள் 11-ஆக இறங்கியது. ஆனால் பதினாறாம் நாளிலும் கண்ணின் வெள்ளையில் மஞ்சள் இருந்தது. குழந்தை நன்றாகக் குடித்தது, எடையும் கூடியது. "அதுதான் கொழுகொழுவென்று இருக்கிறானே" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். இரண்டு வாரம் தாண்டிய மஞ்சளை அப்படி விட முடியாது. பித்தநாளம் அடைபட்டுப் பிறக்கும் சில குழந்தைகளும் தொடக்கத்தில் கொழுகொழுவென்றுதான் இருக்கும். அவர்களுக்கு மலம் கோலமாவு போல வெளுத்துப் போகும். சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விடும். ஜப்பானிய டாக்டர் மோரியோ காசாய் வகுத்த அறுவைச் சிகிச்சை அதற்கு உண்டு. 60 நாளுக்குள் செய்தால்தான் பலன் நன்றாக இருக்கும். காத்திருக்க நாள் இல்லை.

அன்று காலை டாக்டரிடம் கிளம்புமுன், பேரன் போன மலத்துணியைத் துவைக்கப் போன அவன் தாயைத் தடுத்து, ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். கூச்சப்பட்டாள். டாக்டர் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் விரித்துப் பார்த்தார். நல்ல கடுகு மஞ்சள். மொத்தப் பிலிரூபினோடு, கல்லீரல் மாற்றி முடித்த பங்கான டைரக்ட் பிலிரூபினையும் தனியாக அளக்க எழுதிக் கொடுத்தார்; டைரக்ட் குறைவாக இருந்ததால் பித்தநாளத்தில் அடைப்பில்லை என்று தெரிந்தது. தாய்ப்பால் குடிக்கும் சில குழந்தைகளுக்கு இப்படி இரண்டு மூன்று மாதம்கூட லேசான மஞ்சள் நீடிக்கும், பாலை ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம் என்றார். ஏழாவது வாரம் தடுப்பூசி போடப் போன காலையில் அவனை மறுபடி சந்து முனைக்கு எடுத்துப்போய் மூக்கு நுனியை அழுத்தினேன். விரலை எடுத்ததும் அந்த இடம் வெளுத்து, பிறகு மெல்லச் சிவந்தது.